குச்சி எழும்பாத வாளிகள்

ராமையாவின் கை எந்த வாளிக்குப் போகும் என்பது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ராமையா ஒருவருக்குத்தான் தெரியாது.

ஈப்போவிலிருந்து பத்துகாஜாவுக்குப் போகும் சடக்கு ஒரு சுண்ணாம்புக்கல் குன்றைச் சுற்றி வளைகிற இடத்தில் அந்தத் தோட்டம் இருந்தது. வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று அதற்கு உண்டு. ஜனங்கள் வாயில் அது வளைவுத் தோட்டம். கித்தா என்னும் ரப்பரின் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களை வெளியேற்றிய வருஷங்கள் அப்போதுதான் முடிந்திருந்தன. வேலை போகாமல் தப்பியவர்கள் இன்னும் மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள்.

உச்சிவேளை நெருங்கும்போது பால் வெட்டுக்காரர்கள் மரத்து மங்குகளில் வடிந்த பாலை வாளிகளில் சேர்த்து, தோளில் காண்டாக் கம்பில் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்டோருக்கு வருவார்கள். பாலை அளந்து தொட்டியில் ஊற்றுவதற்கு முன்னால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்று அடிப்பக்கம் குண்டாக, மேலே மெலிந்த கண்ணாடிக் குழல் ஒன்று இருந்தது. கணக்கெழுதும் கிராணி அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் சொல்வார். ஆட்களுக்கு அது குச்சி. நல்ல கெட்டிப் பாலில் குச்சி கழுத்துவரை இறங்கி நிற்கும். தண்ணீர் சேர்ந்த பாலில் எழும்பிவிடும்.

எல்லா வாளியிலும் குச்சி விட்டுக்கொண்டிருந்தால் பால் வெயிலில் உறைந்துபோகும். ஆகவே வரிசையில் ஏதோ சில வாளிகளை மட்டும் பார்ப்பது வழக்கம். எந்த வாளி என்பது ராமையாவின் இஷ்டம். "கண்ணில படுறதைப் பார்" என்றுதான் கிராணி சொல்லியிருந்தார். முதல் தடவை குச்சி எழும்பினால் எச்சரிக்கை. இரண்டாம் தடவை எழும்பினால் பேர் வெட்டு. பேர் வெட்டினால் லயத்து அறையைக் காலி செய்துகொண்டு சடக்குக்குப் போய்விட வேண்டியதுதான். துரை போட்ட சட்டம்.

அந்த வேலைக்கு ராமையாவைப் பிடித்துப் போட்டதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. கள்ளுக்கடைப் பக்கம் போகாத ஆள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவர். ஒருவரிடமும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கமாட்டார். போன மழைக்காலத்தில் மனைவி செல்லாயி நெஞ்சுச் சளியில் போய்ச் சேர்ந்த பிறகு பேச்சும் குறைந்துவிட்டது. காலையில் எழுந்திருப்பதே ஒரு வேலையாக இருந்தது. எழுந்தபின் மற்ற வேலைகளைக் கையும் காலும் தாமாகவே செய்தன.

தோட்டத்தில் இரண்டு லயங்கள். மேட்டில் மேல் லயம். பிச்சைமுத்துக் கங்காணி ஊரிலிருந்து கப்பலில் கூட்டி வந்த ஜனங்கள் அங்கே இருந்தார்கள். ராமையாவும் அந்தக் கூட்டம்தான். சதுப்பை ஒட்டிக் கீழ் லயம். மற்றத் தோட்டங்கள் மூடியபோது வேலை தேடி நடந்தே வந்து சேர்ந்தவர்கள் அங்கே. அவர்களுக்கு மேல் லயத்தில் ஒரே பெயர்தான்: ஓடி வந்த ஆளுங்க. யாரும் ஓடி வரவில்லை, விரட்டப்பட்டுத்தான் வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. ராமையாவுக்கு அவர்கள்மேல் கோபம் கிடையாது. அவர்களில் ஒருவரைப் பாம்பு கடித்தபோது தன் வேட்டியைக் கிழித்துக் கட்டுப் போட்டவர் அவர்தான். ஆனால் வரிசையில் அவர்கள் முறை வரும்போது குச்சி கைக்கு வந்துவிடும். அது ஏன் என்று அவர் யோசித்ததில்லை. பாலைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அடிக்கடி எழும்பவும் எழும்பியது. அப்படி எழும்பும் ஒவ்வொரு தடவையும் தன் கண்மேல் அவருக்கு நம்பிக்கை கூடியது.

அன்றைக்கும் அப்படித்தான். காளியம்மா இரண்டு வாளியையும் இறக்கி வைத்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். செல்லாயிக்கு உடன்பிறவாத தங்கச்சி மாதிரி இருந்தவள். செல்லாயி போனபின் அவளுடைய நிரை மரங்களும், கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றிய அவளுடைய வாளியும் காளியம்மாவுக்கு வந்திருந்தன.

"என்னண்ணே, மூஞ்சி ஏன் காஞ்ச ஒட்டுப்பால் மாதிரி இருக்கு? பசியாறலையா?"

"ஆச்சு, ஆச்சு. நீ ஊத்து."

ஊற்றினாள். அடுத்தவள் கீழ் லயத்து ராக்காயி. ஒல்லியான, சத்தமில்லாத பெண். ராமையா குச்சியைத் தோளில் கிடந்த துண்டில் துடைத்து அவள் வாளியில் விட்டார். அது முங்கி, ஆடி, எழும்பி நின்றது.

"ஐயா" என்று கூப்பிட்டார் ராமையா. மேசையடியில் உட்கார்ந்திருந்த கதிரவேலுக் கிராணி எழுந்து வந்து குனிந்து பார்த்தார்.

"இது ரெண்டாந்தரம் அல்லோ?"

"ஆமாங்கையா."

"பிறகென்ன? நாளைக்குப் பேர் வெட்டுறன். நாளைப் பின்னேரம் அறையை விட்டிடு."

ராக்காயி அழவில்லை, காலில் விழவில்லை. ராமையாவைத்தான் பார்த்தாள்.

"ஊத்தினேன். இல்லேங்கல. நேத்து வேற கையில கத்தி பட்டுருச்சு, நிரை முடிக்க முடியல." புண்ணைக் காட்டக் கையைத் தூக்கினவள், யாரும் பார்க்கவில்லை என்று கண்டு இறக்கிக்கொண்டாள். "என் புருஷன் பத்துகாஜா பெரியாஸ்பத்திரியில கெடக்குறாரு. காலு நல்லானதும் இங்கதான் வருவாரு. நான் இல்லேன்னா எங்கன்னு போய்த் தேடுவாரு? அவருக்கு இந்தத் தோட்டம் ஒண்ணுதான் தெரியும்."

"ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பிச் சொல்லு" என்றார் கிராணி.

"யாரை அனுப்புறதுங்க?"

கிராணி மேசைக்குப் போய்விட்டார். வரிசையில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். யாரோ ஒருவன், "ஓடி வந்தவளுக்கு ஓடத் தெரியாதாக்கும்" என்றான். ஒருவர் சிரித்தார். காளியம்மா சிரிக்கவில்லை. ராமையா அதைக் கவனித்தார். ஆனால் அடுத்த வாளி வந்துவிட்டது.

சாயங்காலம் காளியம்மா வழக்கம்போல ஒரு கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தாள். செல்லாயி போனதிலிருந்து நாள் தவறாமல் இது நடந்தது. ராமையா அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். அவள் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகாமல் வாசலிலேயே நின்றாள்.

"அவ மூட்டை கட்டிக்கிட்டு இருக்கா" என்றாள்.

"யாரு?"

"யாரா? பார்த்துட்டுத்தான் வாரேன். ஒரு பாயி, ரெண்டு சட்டி. அதைக் கட்ட எவ்வளவு நேரமாகும்? அவுத்து அவுத்துக் கட்டுறா."

ராமையா வடிதட்டை நகர்த்தினார். "நான் என்ன செய்யட்டும் காளி? தப்பு செஞ்சா மாட்டுறாங்க. கீழ் லயத்து ஆளுங்களே அப்படித்தான். நானும் இத்தனை நாளாப் பாக்குறேனே. எழும்புறதெல்லாம் அங்கதான்."

"நீங்க விடுறதும் அங்கதானே."

"என்னது?"

"எங்க வாளியில விட்டா எங்களுதும் எழும்பும் அண்ணே."

அவர் சிரித்தார். அவள் பரிகாசம் பேசுகிறவள். ஆனால் அவள் முகத்தில் சிரிப்பே இல்லை. களைப்புதான் இருந்தது.

"இன்னிக்கு அவளும் நானும் ஒரே ஓடையிலதான் அள்ளினோம். பக்கத்துல பக்கத்துல குந்திக்கிட்டு. அவ ஒரு மங்கு ஊத்தினா. நான் அதுக்கு மேலயே ஊத்தியிருப்பேன். வரிசையில எனக்கு அடுத்தாப்புல அவ. நீங்க என்னைத் தாண்டிட்டு அவளுதுல விட்டீங்க. அப்ப எனக்கு நெஞ்சு எப்படி அடிச்சுக்கிட்டுது தெரியுமா? அவ உங்களைப் பாத்தா. ஒரு தரம் என்னையும் பாத்தா. ஒரு வார்த்தை சொல்லல."

ராமையாவின் கையில் அகப்பை அப்படியே நின்றது. "நீ விளையாடுற. மேல் லயத்துல யாரும் அப்படிச் செய்யமாட்டாங்க. செல்லாயி எத்தனை வருஷம் பால் வெட்டினா! செத்தவ மேல சத்தியமாச் சொல்றேன், அவ ஒரு நாள்..."

"அண்ணே, சத்தியம் பண்ணாதீங்க."

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அதற்குமேல் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை என்பது தெரிந்தது. கதவுச் சட்டத்தைக் கையால் தடவிக்கொண்டே இருந்தாள். கடைசியில் சொன்னாள்.

"கடைசி மாசங்கள்ல அக்காவால மரத்துக்கு மரம் நடக்க முடியல. அஞ்சாறு மரம் வெட்டுவா, குந்திக்குவா. இருமி இருமி மூஞ்சி நீலமாயிரும். பாதி மங்கு அப்படியே கெடக்கும். வாளி கொறஞ்சா ஏன்னு நீங்க கேப்பீங்க, ஆஸ்பத்திரியில தள்ளிருவீங்கன்னு பயம். அங்க போனவங்க திரும்புனதில்லேன்னு யாரோ சொல்லி வெச்சிருந்தாங்க. தண்ணியால ரொப்பிக்கிட்டு வருவா. 'குச்சி போட்டாருன்னா என்னக்கா பண்ணுவே'ன்னு நான்கூடக் கேட்டேன். 'அவரு என் வாளியில போடமாட்டாருடி'ன்னா. சிரிச்சிக்கிட்டேதான் சொன்னா."

காளியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். வடித்த கஞ்சி தரையில் ஓடிக்கொண்டிருந்தது. ராமையா அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

செல்லாயிக்குச் சாதாரணச் சளி என்றுதான் அவர் நினைத்திருந்தார். நாள்தோறும் இரண்டு வாளி நிறையக் கொண்டுவருகிறவளுக்கு என்ன வந்துவிடப்போகிறது? வீட்டில் இருமும்போதெல்லாம் அந்த நிறைந்த வாளிகள்தான் அவருக்குத் தைரியம் சொல்லின. ஒரு நாள், ஒரே ஒரு நாள், வழியோடு போகிற எவளோ ஒருத்தி என்று நினைத்து அவள் வாளியில் குச்சியை விட்டிருந்தால் போதும். அது எழும்பியிருக்கும். என்னடி இது என்று கேட்டிருப்பார். அவள் அழுதிருப்பாள். பிறகு எப்படியோ. பிழைத்திருப்பாளோ மாட்டாளோ, அது வேறு. தெரிந்தாவது இருக்கும்.

அன்றைக்குச் சோறு அப்படியே இருந்தது.

காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து ஆட்கள் பால் வெட்டப் போனதும் அவர் கிராணியிடம் போனார். கதிரவேலு கெட்டவர் அல்ல. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒண்டியாய் இருந்துகொண்டு, மாதாமாதம் தாய்க்கு அனுப்புகிற ஆள். ராமையாவிடம் மட்டும் கொஞ்சம் மரியாதையாகவே பேசுவார்.

"ராக்காயி பேரை வெட்டாதீங்க ஐயா."

"ஏன்? அவள் தண்ணி ஊத்தினவளோ இல்லையோ?"

"ஊத்தினவதாங்க."

"பிறகு என்ன கதை?"

"நான் அவ வாளியில மட்டும்தான் பாக்குறேன். அவ லயத்துல மட்டும்தான். மத்தவங்க வாளியைப் பாக்குறதே இல்லைங்க."

"ஏனெண்டால் அவையள்தானே செய்யிறவை."

"பாத்தாத்தானுங்களே தெரியும்."

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். "ராமையா, பெண்சாதி போன பிறகு உனக்கு மனம் சரியில்லை. எனக்கு விளங்குது. நேர்மையான ஆள் எண்டுதான் இந்த வேலையை உனக்குத் தந்தனான். நீ பக்கம் பாக்கிற ஆள் இல்லை."

"நானும் அப்படித்தாங்கையா நினைச்சுக்கிட்டிருந்தேன்."

கிராணி பேனாவை மறுபடியும் எடுத்தார். "போய் வேலையைப் பார். பின்னேரம் அவள் போகத்தான் வேணும்" என்றார்.

உச்சிவேளைக்கு வாளிகள் வந்து இறங்கத் தொடங்கின. வெயில் தகரக் கூரையில் இறங்கிக் கொதித்தது. முதலில் காளியம்மா. சிவப்புத் துணி சுற்றிய வாளியை அவர் முன்னால் வைத்துவிட்டு ஊற்றுவதற்குக் குனிந்தாள்.

"நில்லு" என்றார் ராமையா.

அவள் நிமிர்ந்தாள். அவர் குச்சியைத் துடைப்பதைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே," என்றாள் மெதுவாக, "சொன்னவ நானு."

அந்த வாளியில் அவர் ஒரு நாளும் குச்சி விட்டதில்லை. அந்தத் துணி செல்லாயியின் பழைய சேலையில் கிழித்தது. காய்ப்பு காய்த்த உள்ளங்கைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று அவள் சுற்றியது. குச்சியை விட்டார். முங்கியது, ஆடியது, எழும்பி நின்றது.

"எழும்புது" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

வரிசை அசைந்தது. கடைசியில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் அடுத்த வாளிக்குப் போனார். அதற்கு அடுத்ததற்கும். மேல் லயம், கீழ் லயம் என்று விடாமல் எல்லாவற்றிலும் விட்டார். சில இறங்கின, பல எழும்பின. பிச்சைமுத்துக் கங்காணியின் மருமகள் வாளியில் எழும்பியபோது அந்தப் பெண் கத்தினாள்.

"யாருன்னு தெரிஞ்சுதான் விடுறீங்களா மாமா?"

"தெரிஞ்சுதாம்மா."

"பொண்டாட்டி போனதும் புத்தியும் போயிருச்சா?" என்றான் ஒருவன் பின்னாலிருந்து. "பாலு உறையுதுய்யா, விடுய்யா வரிசையை!" என்றான் இன்னொருவன். உறைந்துகொண்டுதான் இருந்தது. வாளி ஓரங்களில் வெள்ளை வெள்ளையாகத் திரண்டது. ராமையா நிறுத்தவில்லை. ராக்காயியின் வாளியில் அன்றைக்குக் குச்சி கழுத்துவரை இறங்கி நின்றது. போகிற நாளில் நல்ல பால் கொண்டுவந்திருந்தாள்.

கங்காணி வந்தார். கிராணியை ஓரமாக அழைத்துப் போய்ப் பேசினார். கிராணியின் முகம் வெளுத்திருந்தது. இத்தனை வாளி எழும்பியது என்று துரையிடம் போய்ச் சொன்னால், இத்தனை மாதமாய் நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய் என்றுதான் முதல் கேள்வி வரும். அது அவருக்குத் தெரியும், கங்காணிக்கும் தெரியும். திரும்பி வந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இண்டைக்கு எல்லாருக்கும் பால் தண்ணிதான். மழைப் பால். மங்குகளுக்குள்ள மழை விழுந்திருக்கு. ஆரிலும் குற்றமில்லை. ஊத்துங்கோ."

அன்று மழை பெய்யவில்லை. முந்தின நாளும் பெய்யவில்லை. குன்றின்மேல் வானம் வெளுத்துக் கிடந்தது. ஒருவரும் மேலே பார்க்கவில்லை.

ராமையா மட்டும் கிராணியின் மேசைக்குப் போனார்.

"அப்ப நேத்தும் மழை பெஞ்சிருக்குமா ஐயா?"

கதிரவேலு நிமிர்ந்து பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்த ஒரு காய்ந்த இலையை எடுத்துத் துண்டு துண்டாகக் கிள்ளிப் போட்டார். எல்லாவற்றையும் கிள்ளி முடித்தபின் சொன்னார்.

"பெய்திருக்கும்."

"ராக்காயி இருக்கலாமுங்களா?"

"இருக்கட்டும். நீ இனி எல்லாத்திலயும் பாக்கத் தேவையில்லை. நேரம் போகுது. முந்தி மாதிரிப் பார்."

ராக்காயி ஸ்டோருக்கு வெளியே தன் மூட்டையோடு நின்றாள். இருக்கலாம் என்று ராமையா வந்து சொன்னதைக் கேட்டாள்.

"மழை பெஞ்சிச்சாமா?" என்றாள்.

"அப்படித்தான் சொல்றாங்க."

"எங்க லயத்துல ஒரு சொட்டு விழல." மூட்டையைத் தலைக்குத் தூக்கினாள். "உங்க மேட்டுல பெஞ்சிருக்கும்லா" என்று சொல்லிவிட்டுச் சதுப்புப் பக்கம் இறங்கிப் போனாள்.

அன்றிலிருந்து காளியம்மா குழம்பு கொண்டுவருவதில்லை. வரிசையில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மேல் லயத்தில் பேசிக்கொண்டு நிற்கும் கூட்டம் அவர் வந்தால் கலையும். ராமையா உப்பும் மிளகாயும் வைத்துச் சோறு தின்றார். அதில் ஒரு ருசியும் இல்லை. முன்பு இருந்ததா என்பதும் நினைவில்லை. கீழ் லயத்திலும் அவரை யாரும் கொண்டாடிவிடவில்லை. அவர்களுக்கு அவர் இன்னும் குச்சிக்காரர்தான்.

ராக்காயி ஞாயிற்றுக்கிழமைகளில் சடக்கு வளைவில் போய் நின்று பத்துகாஜாப் பக்கம் பார்ப்பாள். புருஷன் இன்னும் வரவில்லை.

கிராணி சொன்னபடி மறுபடியும் சில வாளிகளை மட்டும் பார்க்கும் வழக்கம் தொடங்கியது. ராமையா இப்போது ஒவ்வொரு நாளும் வரிசையின் வேறொரு இடத்திலிருந்து ஆரம்பித்து, எண்ணி இத்தனாவது வாளி என்று முறை வைத்துப் பார்ப்பார். அது சுலபமாக இல்லை. மேல் லயத்து வாளி முன்னால் வந்தால் கை தானாக மடங்கி, ஊற்று என்று சைகை காட்டப் பார்க்கும். கீழ் லயத்து வாளி வந்தால், இதில் பார்த்தால் என்ன என்று விரல்கள் குச்சியைத் தேடும். மனசு ஒன்று சொல்லும், கை ஒன்று செய்யும். இத்தனை தெரிந்தபிறகும் அப்படித்தான்.

ஒரு நாள் ராக்காயி வாளியை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அவர் முறை வைத்தபடி பார்க்கவேண்டியது அவளுக்கு முன்னால் நின்ற காளியம்மாவின் வாளி. ஆனால் குச்சி அதற்குள் ராக்காயியின் பாலுக்கு மேலே வந்துவிட்டிருந்தது. பாலில் படும் முன் ராமையா கண்டுகொண்டார். கை அந்தரத்தில் நின்றது.

ராக்காயி அவர் கையைப் பார்த்தாள். காளியம்மாவும் பார்த்தாள்.

அவர் குச்சியை மறுபடியும் துண்டில் துடைத்தார். ஒரு அடி திரும்பி, சிவப்புத் துணி சுற்றிய வாளியின் முன்னால் குந்தினார். துணி சாயம் போய், பால் கறை ஏறிக் கறுத்திருந்தது. குச்சியை விட்டுவிட்டு, அது ஆடி அடங்கட்டும் என்று காத்திருந்தார்.